கடலரிப்புத் தடுப்புப் பணிகள்: கரையைக் காக்கின்றனவா, அரிப்பை அடுத்த ஊருக்குத் தள்ளுகின்றனவா?

கரைக்கோடு (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். புயலோ பேரலையோ வந்து போன பிறகு கடற்கரை ஊர்களிலிருந்து வரும் செய்திகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவையாக இருக்கின்றன. இத்தனை வீடுகள் சரிந்தன, சாலை பாதி அறுந்தது, அதிகாரிகள் பார்வையிட்டார்கள், கருங்கல் கொட்ட நிதி ஒதுக்கப்பட்டது என்று முடியும். மறு ஆண்டு அதே செய்தி, சற்றுத் தள்ளியிருக்கும் ஊரின் பெயரோடு மீண்டும் வருகிறது.

தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் 1990 முதல் 2018 வரையிலான செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு, இந்தியப் பெருநிலத்தின் 6,907 கிலோமீட்டர் கடற்கரையில் 33.6 விழுக்காடு அரிப்புக்கு உள்ளாகியிருக்கிறது என்றும், 26.9 விழுக்காட்டில் கரை வளர்ந்திருக்கிறது என்றும், எஞ்சிய பகுதி பெரிய மாற்றமின்றி இருக்கிறது என்றும் கணக்கிட்டது. அரசுகள் சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கேரளத்தின் செல்லானத்தில் டெட்ராபாட் எனப்படும் நான்கு கால் கான்கிரீட் கட்டைகளால் சுமார் 7 கிலோமீட்டர் சுவர் எழும்பிய பிறகு அங்குள்ளோர் பல ஆண்டுகளில் முதன்முறையாக மழைக்காலத்தை வீட்டுக்குள்ளேயே கழித்தார்கள். ஆனால் சுவர் முடியும் இடத்துக்கு அப்பாலுள்ள கண்ணமாலிப் பக்கத்து மக்கள் தங்கள் பகுதிக்கும் அதை நீட்டக் கோரிப் போராட வேண்டியதாயிற்று.

அரசு எடுக்கும் முயற்சியின் அளவு போதவில்லையா, அல்லது முயற்சியின் வகையே தவறா என்பதுதான் என் கேள்வி. துறை அறிந்தவர்களும் கரையில் வாழ்பவர்களும் எழுத வேண்டுகிறேன்.

அலைமானி

நீங்கள் தந்த இரண்டு எண்களில் 33.6ஐ எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள், 26.9ஐ யாரும் பேசுவதில்லை. எனக்கு அந்த இரண்டாவது எண்தான் முக்கியமாகப் படுகிறது. ஓரிடத்தில் கரை தேய்வதும் வேறோரிடத்தில் வளர்வதும் பல நேரங்களில் ஒரே நிகழ்வின் இரு முனைகள்.

அலை கரையை நேராக அல்லாமல் சாய்வாக வந்து மோதும்போது, கலங்கிய மணல் கரையை ஒட்டியே ஒரு திசையில் நகர்கிறது. நம் கிழக்குக் கரையில் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் வடக்கு நோக்கியும், வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் தெற்கு நோக்கியும் மணல் நகரும். முதலாவது நீண்ட காலம் நடப்பதால் ஆண்டு முழுவதற்கும் கணக்குப் பார்த்தால் வடக்கு நோக்கிய நகர்வே மிஞ்சும். இந்த ஓட்டத்தின் குறுக்கே ஒரு துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர் நீண்டால் தெற்கே மணல் தேங்கும். வடக்கே வர வேண்டிய மணல் வராது, ஆனால் அங்கிருந்து கிளம்பும் மணல் வழக்கம்போலக் கிளம்பிக்கொண்டே இருக்கும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னைத் துறைமுகம் எழுந்த பின் அதற்குத் தெற்கே மெரினா அகன்று விரிந்ததும், வடக்கே இராயபுரம் பக்கம் கரை கரைந்துபோனதும் இப்படித்தான். மெரினாவின் அகலத்தை வியப்பவர்கள் அதற்கு விலை கொடுத்தவர்கள் சில கிலோமீட்டர் வடக்கே இருப்பதை அறிவதில்லை.

புதுச்சேரியில் இதே கதை 1980களின் பிற்பகுதியில் நடந்தது. துறைமுக முகத்துவாரத்தில் சுவர்கள் வந்தன, நகரின் முன்னிருந்த மணற்பரப்பு மறைந்தது, கடற்கரைச் சாலையைக் காக்கக் கற்கள் அடுக்கப்பட்டன. கற்கள் அடுக்கிய இடத்துக்கு வடக்கே அரிப்பு தொடங்கியது, அங்கேயும் கற்கள் வந்தன, அரிப்பு இன்னும் வடக்கே நகர்ந்து கோட்டக்குப்பம், பொம்மையார்பாளையம் வரை போயிற்று. துறைமுகம் ஒன்றியப் பகுதியின் எல்லைக்குள் இருக்கிறது. பாதிப்பு தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டத்தில் விழுகிறது. இரு அரசுகளுக்கும் தனித்தனி வரவுசெலவுத் திட்டம், தனித்தனிப் பொறியாளர்கள், மணலுக்கு மட்டும் ஒரே பாதை.

சுவரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கல்சுவரை அலை மேலிருந்து இடிப்பதில்லை. மோதித் திரும்பும் அலை சுவரின் அடியில் இருக்கும் மணலைச் சுரண்டுவதால் முன்னிருக்கும் ஆழம் கூடுகிறது. ஆழம் கூடினால் இன்னும் பெரிய அலை உடையாமல் சுவர் வரை வந்துவிடுகிறது. முறையாகக் கட்டிய சுவரில் மணலுக்கு மேல் நீரை விட்டு மணலைப் பிடித்துவைக்கும் வடிதுணி விரித்து, அதன் மேல் சிறு கற்கள், அதற்கும் மேல் டன் கணக்கான எடையுள்ள கவசக் கற்கள் என்று அடுக்கு அடுக்காக இருக்கும். அடிக்காலும் மணலுக்குள் புதைந்திருக்கும். அவசரத்தில் லாரியிலிருந்து நேராகச் சரித்த கற்குவியலில் இவை எதுவும் இருக்காது. கல்லிடுக்குகள் வழியே மணல் உறிஞ்சப்பட, கற்கள் தாமாகவே இறங்கிவிடும். சில பருவங்கள் கழித்துப் பார்த்தால் சுவரின் தலை இடுப்பளவுக்கு வந்திருக்கும்; ‘சுவரை உயர்த்தும் பணி’ என்று புதிய மதிப்பீடு தயாராகும். முன்பு கொட்டிய கல் எங்கே போயிற்று என்று அந்த மதிப்பீட்டில் யாரும் எழுதுவதில்லை.

நெய்தல்வழி

அலைமானி ஐயா சொன்னதில் அறிவியல் பிழை எதுவும் இல்லை. ஆனால் இந்த விவாதங்களில் மீனவர்கள் கல்லைக் கேட்டு அடம்பிடிக்கும் அறியாதவர்களாகக் காட்டப்படுவதால் எங்கள் பக்கத்தையும் எழுதுகிறேன்.

கரை தேயும்போது முதலில் போவது வீடன்று. படகு ஏற்றும் இடமும், வலை உலர்த்தும் இடமும், கருவாடு காயவைக்கும் இடமும்தான் முதலில் போகின்றன. கரையில் நின்றே இழுக்கும் பெருவலையான கரைமடிக்கு நீண்ட மணற்பரப்பு வேண்டும். அது போனால் தொழிலே போனது. இந்த இழப்பு எந்த நிவாரணப் பட்டியலிலும் ஏறாது. வீட்டுச் சுவரில் விரிசல் விழுந்த பிறகுதான் வருவாய்த் துறை எங்களைப் பார்க்கிறது.

கரைநெடுகக் கற்சுவர் போட்டால் வீடு தப்பும், படகு தப்பாது. கல்லின் மேல் நாட்டுப்படகை ஏற்ற முடியாது. ஆகவேதான் ஊர்க்கூட்டங்களில் நாங்கள் நேர்ச்சுவரைவிடத் தூண்டில் வளைவைக் கேட்கிறோம். கடலுக்குள் நீளும் அந்தக் கல்லணைகளுக்கு இடையில் மணல் ஒதுங்கும், அலை தணியும், படகை விடவும் ஏற்றவும் இடம் கிடைக்கும். அது வடக்கே இருக்கும் ஊரின் மணலைப் பிடித்து வைக்கிறது என்பது எங்களுக்கும் தெரியும், அந்த ஊர்க்காரர்கள் எங்கள் சம்பந்திகள். ஆனால் தெற்கே இருப்பவர்கள் எங்கள் மணலைப் பிடித்து வைத்திருக்கும்போது நாங்கள் மட்டும் தத்துவம் பேசிக்கொண்டு நிற்க முடியாது. ஊரும் ஊரும் மோதிக்கொள்ளும் இந்த நிலையை உண்டாக்கியது முதல் சுவர். அதைக் கட்டியது நாங்கள் அல்ல.

வரம்பெழுத்து

சட்டப் பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இந்தியாவில் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை 1991இல் வந்தது. 2011இலும் 2019இலும் புதிதாக எழுதப்பட்டது. மக்கள் அடர்த்தி சதுரக் கிலோமீட்டருக்கு 2,161க்கு மேல் உள்ள ஊரகக் கடற்கரைகளில், கட்டுமானம் கூடாத பகுதி முன்பு உயர் ஓதக் கோட்டிலிருந்து, அதாவது கடல் ஏற்றத்தின்போது நீர் எட்டும் எல்லையிலிருந்து, 200 மீட்டராக இருந்தது. 2019 அறிவிக்கை அதை 50 மீட்டராகக் குறைத்தது. அரிப்பையும் கடல்மட்ட உயர்வையும் கணக்கில் கொண்டு வரையப்பட்ட ஆபத்துக் கோடு என்று ஒன்று இருக்கிறது. ஆனால் அது பேரிடர் மேலாண்மைத் திட்டமிடலுக்கு உதவும் கருவி என்ற அளவில் நிற்கிறதே தவிர, கட்டுமானத்தைத் தடுக்கும் எல்லையாகப் பயன்படவில்லை. ஒரு கையால் கோட்டை வரைந்து, மறு கையால் அதற்குள் கட்ட அனுமதி கொடுத்துவிட்டு, பிறகு சுவர் கட்டச் செலவு செய்வதை எந்த வகைப் பாதுகாப்பு என்பது?

இலங்கை இதில் முன்னோடி. 1981ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டம், நிலப்பக்கம் 300 மீட்டரும் கடற்பக்கம் 2 கிலோமீட்டரும் கொண்ட பட்டையைக் கரையோர வலயமாக வரையறுத்து, அதற்குள் அபிவிருத்திக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும் என்றது. சுண்ணாம்புக்காகப் பவளப்பாறை வெட்டுவது தென்மேற்குக் கரையின் அரிப்புக்குப் பெரிய காரணம் என்று கண்டு, 1988 திருத்தத்தில் அதைத் தடை செய்தார்கள். நடைமுறையில் ஓட்டைகள் இருந்தன என்பது உண்மை. ஆயினும் காரணத்தைத் தொட்ட சட்டம் அது.

மணற்கணக்கு

அலைமானி அவர்கள் சொன்ன ‘இரு அரசு, ஒரே மணல்’ என்ற சிக்கலைத் தீர்த்த ஓர் இடம் உண்டு. ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ், குயின்ஸ்லாந்து ஆகிய இரு மாநிலங்களின் எல்லையில் ட்வீட் ஆறு கடலில் கலக்கிறது. 1960களின் முற்பகுதியில் படகுப் போக்குவரத்துக்காக முகத்துவாரச் சுவர்களை நீட்டினார்கள். சுவர் இருப்பது நியூ சவுத் வேல்ஸில், மணல் இழந்தவை குயின்ஸ்லாந்தின் கோல்ட் கோஸ்ட் கடற்கரைகள். பல ஆண்டுப் பூசலுக்குப் பிறகு 1990களின் நடுவில் இரு மாநிலங்களும் உடன்படிக்கை செய்து, அதற்கெனச் சட்டமும் இயற்றின. 2001 முதல், ஆற்றுக்குத் தெற்கே கடலுக்குள் நீளும் ஒரு மேடைப் பாலத்தின் அடியில் பொருத்திய பம்புகள் வந்து சேரும் மணலை நீரோடு கலந்து உறிஞ்சி, ஆற்றுக்கு அடியில் போகும் குழாய் வழியாக வடக்குக் கரைகளுக்கு அனுப்புகின்றன. ஆண்டுக்குச் சுமார் 5 இலட்சம் கன மீட்டர் மணல் இப்படிச் சுவரைத் தாண்டுகிறது. செலவை இரு அரசுகளும் பகிர்கின்றன.

நெதர்லாந்து வேறு வழியில் போனது. 1990இல் அந்நாட்டு அரசு, அப்போதிருந்த கரைக்கோட்டையே அடிப்படைக் கோடாக அறிவித்து, அதற்குப் பின்னால் கரை போக விடுவதில்லை என்று கொள்கை வகுத்தது. ஆண்டுதோறும் கரையை அளக்கிறார்கள். கோடு பின்வாங்கிய இடத்தில் கடலடியிலிருந்து மணல் எடுத்து ஊட்டுகிறார்கள். 2001 முதல் ஆண்டுக்குச் சராசரி 1.2 கோடி கன மீட்டர் என்பது அவர்களின் இலக்கு. 2011இல் தெற்கு ஹாலந்துக் கரையில் சுமார் 2.15 கோடி கன மீட்டர் மணலை ஒரே இடத்தில் தீபகற்பம் போலக் குவித்து, அலையும் காற்றுமே அதை இருபுறமும் பரப்பட்டும் என்று விட்டார்கள். ‘மணல் இயந்திரம்’ என்று அதற்குப் பெயர்.

இரண்டிலும் நான் கவனிப்பது ஒன்றுதான். இவை ‘திட்டம் நிறைவுற்றது’ என்று கல்வெட்டுத் திறக்கும் பணிகள் அல்ல. ஒவ்வோர் ஆண்டும் செலவு உண்டு. நம் பக்கத்து அரசுகள் மூலதனச் செலவுக்குக் கையெழுத்திடத் தயங்குவதில்லை, பராமரிப்புச் செலவென்றால் கோப்பு நகராது.

கரைக்கோடு

மணற்கணக்கு அவர்களின் தகவல்களுக்கு நன்றி. ஆனால் ஓர் ஐயம் எழுகிறது. நெதர்லாந்தின் முன்னே இருப்பது ஆழம் குறைந்த, மணல் நிறைந்த வடகடல், பணமும் உண்டு. அமெரிக்காவின் மயாமி கடற்கரையில் பல பத்தாண்டுகள் மணல் ஊட்டியதில் அருகிலுள்ள கடலடி மணலே தீர்ந்துபோய், இப்போது உள்நாட்டுக் குவாரிகளிலிருந்து லாரியில் கொண்டுவருகிறார்கள். ஆறுகளில் அணையும் மணற்கொள்ளையும் சேர்ந்து கடலுக்கு வரும் மணலையே நிறுத்திவிட்ட நாடுகளில், ஊட்டுவதற்கு மணல் எங்கிருந்து வரும்? 1970இல் அஸ்வான் உயரணை முடிந்த பிறகு நைல் கழிமுகத்தின் ரஷீது முனை கடலுக்குள் தேய்ந்துபோனதை மறக்க முடியுமா?

அலைமானி

ஐயம் நியாயமானது. பதிலில் பாதி துறைமுக வாயிலிலேயே கிடக்கிறது. கப்பல் போகும் கால்வாய் தூர்ந்துவிடாமல் ஆண்டுதோறும் தூர்வாருகிறார்கள். அப்படி வாரியதில் சேறும் உண்டு, அதைக் கரைக்குக் கொண்டுவரக் கூடாது. ஆனால் முகத்துவாரத்தை ஒட்டி எடுக்கப்படுவதில் நல்ல மணல் கணிசமாக இருக்கும். அது பெரும்பாலும் ஆழ்கடலில் கொட்டப்படுகிறது, ஏனெனில் அதுவே மலிவு. கரையோர ஓட்டத்தை விட்டு ஆழத்தில் கொட்டிய மணல், நம் காலத்தில் கரைக்குத் திரும்பாது. ஓர் அரசுத் துறை மணலை வாரி எறியச் செலவிடுகிறது. சில கிலோமீட்டர் வடக்கே இன்னொரு அரசுத் துறை மணல் இல்லாததால் கல் வாங்கச் செலவிடுகிறது. இந்த இரண்டு செலவையும் ஒரே தாளில் எழுதிப் பார்த்தால், மணலைச் சுவர் தாண்டி அனுப்பும் மடைமாற்றம் விலை உயர்ந்தது என்ற வாதம் நிற்காது. அரிப்பைத் தடுக்கும் முதல் வேலை துறைமுக அலுவலகத்தில் தொடங்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

நீருக்குள் மூழ்கிய தடுப்புகளையும் குறிப்பிட வேண்டும். தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்தின் வடிவமைப்பில் புதுச்சேரியில் ஆப்பு வடிவ எஃகுக் கட்டமைப்பு ஒன்று 2018 வாக்கில் கரைக்கு அப்பால் இறக்கப்பட்டது. துறைமுக வாயிலில் தூர்வாரிய மணலும் கரையில் சேர்க்கப்பட்டது. நகரின் முன்னே மணற்பரப்பு ஓரளவு திரும்பி வந்ததை எல்லோரும் பார்த்தார்கள். அலையை முழுதாக மறிக்காமல் அதன் வேகத்தை மட்டும் உடைப்பது இதன் நன்மை. ஆனால் நகரின் முன் மணல் திரும்பியதால் வடக்கே இருக்கும் ஊர்களின் மணல் பற்றாக்குறை தீர்ந்துவிடவில்லை.

இதே நோக்கில் கடலடியில் மணல் நிரப்பிப் போடும் பெரிய செயற்கைத் துணிக் குழாய்களும் உண்டு. கல்லைவிட விரைவாகப் போட்டுவிடலாம். ஆனால் ஒரு படகின் நங்கூரக் கொக்கி கிழித்தால் போதும், அந்தக் கிழிசல் வழியே மணல் வெளியேறிக் குழாய் தட்டையாகிவிடும். ஒப்பந்தத்தில் பழுதுபார்க்கும் பிரிவு இல்லாவிட்டால் அதைப் போடாமலிருப்பதே மேல்.

நெய்தல்வழி

அந்தக் குழாய்களில் எங்கள் வலைகளும் சிக்குகின்றன என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கே போடப் போகிறார்கள் என்று முன்கூட்டி ஊரைக் கேட்டால் இருவருக்கும் பாதிச் சேதம் குறையும். வாடை எப்போது பிடிக்கும், எந்த மாதத்தில் மணல் ஏறும், எந்த மாதத்தில் இறங்கும் என்பது கரையில் இருக்கும் பெரியவர்களுக்கு நன்றாகத் தெரியும். மழைக்காலத்தில் இறங்கி அடுத்த கோடைக்குள் தானே ஏறிவிடும் மணலைப் பார்த்து, அது நிலையான அரிப்பு என்று எண்ணிக் கல் கொட்டியதால் திரும்பி வந்த மணல் தங்க இடமில்லாமல் போன கரைகளும் உண்டு.

ஓதவெளி

மரங்களைப் பற்றி யாரும் எழுதவில்லையே? சதுப்புநிலக் காடு வளர்த்தால் இவ்வளவு கல்லும் பம்பும் வேண்டியிருக்காது என்று படித்திருக்கிறேன்.

மணற்கணக்கு

ஓதவெளி அவர்களுக்கு: நீங்கள் சொல்லும் சதுப்புநிலக் காட்டின் அலையாத்தி மரங்கள் சேற்றுக் கரைக்கும் கழிமுகத்துக்கும் உரியவை. இந்தோனேசியாவின் தெமாக் கரையில் மீன்பண்ணைகளுக்காக அவற்றை அழித்து, கரை கிலோமீட்டர் கணக்கில் உள்வாங்கிய பிறகு, மூங்கிலும் சுள்ளியும் கொண்டு நீர் புகும் வேலிகள் கட்டிச் சேற்றைப் பிடித்துவைத்து, மரம் மீண்டும் தானாக முளைக்க வழி செய்தார்கள். அங்கே அது பொருந்திற்று. அலை ஓயாமல் அடிக்கும் திறந்த மணற்கரையில் அலையாத்தியை நட்டால் ஒரு பருவம்கூட நிற்காது. அங்கே காக்க வேண்டியவை மணல்மேடுகளும், அவற்றைப் பிடித்து வைத்திருக்கும் அடும்பங்கொடியும் இராவணன் மீசை என்னும் புல்லும்தான். அழகுபடுத்தும் திட்டம் என்ற பெயரில் மேட்டைச் சமன்செய்து நடைபாதையும் புல்வெளியும் போடுவதை நிறுத்தினாலே அரசுக்குச் செலவில்லாத ஒரு பாதுகாப்பு கிடைக்கும்.

வரம்பெழுத்து

காக்க முடியாத கரையும் உண்டு என்பதை எந்த அரசும் உரக்கச் சொல்ல விரும்புவதில்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கரையோர மேலாண்மைத் திட்டங்கள் மாவட்ட எல்லையை விட்டு, மணல் நகர்வின் எல்லையைக் கொண்டு கரையைப் பிரித்தன. கோட்டைக் காப்பது, முன்னேறுவது, திட்டமிட்டுப் பின்வாங்குவது, தலையிடாதிருப்பது என்னும் நான்கில் ஒன்றை ஒவ்வொரு துண்டுக்கும், நூறாண்டு வரையிலான காலக்கட்டங்களுக்கு எழுதிவைத்தன. நேர்மையான முறைதான். ஆனால் வேல்ஸின் ஃபேர்போர்ன் ஊரை ஒரு நாள் கைவிட வேண்டியிருக்கும் என்று அறிவித்ததும் அங்கே வீட்டுக்குக் கடன் கொடுக்க ஆளில்லாமல் போயிற்று. குடிபெயர்வோருக்கு என்ன கிடைக்கும் என்பது மட்டும் எழுதப்படவில்லை. பிரான்சில் சுலாக் என்னும் ஊரில் 1960களில் கடலிலிருந்து சுமார் 200 மீட்டர் தள்ளிக் கட்டிய அடுக்குமாடி வீடு, 2014இல் காலி செய்யப்பட்டு 2023இல் இடிக்கப்பட்டது. உரிமையாளர்கள் இழப்பீட்டுக்காக ஆண்டுக்கணக்கில் வழக்காட வேண்டியிருந்தது. 2021இல் அந்நாடு இயற்றிய சட்டம், அரிப்புக்கு உள்ளாகும் ஊராட்சிகள் 30 ஆண்டு, 100 ஆண்டு எல்லைகளை வரைபடத்தில் குறித்து, நிலம் வாங்குவோருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது.

இந்தியாவில் 15ஆவது நிதிக்குழு 2021–26 காலத்துக்கு, ஆற்றரிப்பையும் கடலரிப்பையும் சேர்த்து, தடுப்புப் பணிக்கு 1,500 கோடி ரூபாயும் இடம்பெயர்ந்தோர் மறுகுடியமர்வுக்கு 1,000 கோடி ரூபாயும் பரிந்துரைத்தது. கேரளத்தின் ‘புனர்கேஹம்’ திட்டம் உயர் ஓதக் கோட்டிலிருந்து 50 மீட்டருக்குள் வாழும் மீனவக் குடும்பத்துக்கு, விரும்பினால் இடம்பெயர, நிலத்துக்கும் வீட்டுக்குமாக 10 இலட்சம் ரூபாய் தருகிறது.

நெய்தல்வழி

10 இலட்சத்தில் கடலுக்கு நடந்து போகும் தூரத்தில் நிலம் கிடைக்குமா என்பதைக் கேட்டுப் பார்த்துவிட்டு எழுதுங்கள், தோழர். கிடைப்பது உள்ளே தள்ளித்தான். விடியலுக்கு முன் கடலின் நிறம் பார்த்துத் தொழிலுக்குப் போவதா வேண்டாமா என்று முடிவெடுப்பவனை பேருந்து ஏறி வரச் சொல்வது வேறு தொழில் தேடச் சொல்வதற்குச் சமம். நாங்கள் விட்ட இடத்தில் பிறகு விடுதி எழும்பாது என்று எழுதித் தருவார்களா என்பதும் ஊர்க்கூட்டத்தில் எழும் கேள்வி. அதற்கு விடை சொல்லிவிட்டால் பின்வாங்கச் சம்மதிக்கும் குடும்பங்கள் இருக்கின்றன.

கரைக்கோடு

இவ்வளவையும் படித்த பிறகு நடைமுறையில் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. ஓர் ஊருக்குத் தெற்கே புதிதாகத் துறைமுகமோ மீன்பிடித் துறைமுகமோ வரப்போகிறது, பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் அறிவிக்கப்பட்டிருக்கிறது என்றால், அந்த ஊரார் எதைக் கேட்க வேண்டும்?

அலைமானி

சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையில் கரைக்கோட்டு மாற்றம் பற்றிய இயலைத் தேடி எடுங்கள். ஆண்டுக்கு எத்தனை கன மீட்டர் மணல் எந்தத் திசையில் நகர்கிறது என்ற எண் அதில் இருக்க வேண்டும். அந்த எண் எத்தனை ஆண்டு அலைப்பதிவிலிருந்து வந்தது, இரண்டு பருவங்களையும் அளந்தார்களா, ஏதோ இரு நாட்களில் எடுத்த இரு செயற்கைக்கோள் படங்களை மட்டும் ஒப்பிட்டார்களா என்று கேளுங்கள். ஆய்வின் எல்லை துறைமுகச் சுவரோடு நிற்கிறதா, வடக்கே அடுத்த முகத்துவாரம் வரை போகிறதா என்று பாருங்கள். பெரும்பாலான அறிக்கைகளின் பலவீனம் அங்கேதான் தெரியும்.

அடுத்து, தடுக்கப்படும் மணலைத் தாண்டவைக்கும் பொறுப்பு யாருடையது என்பதை அனுமதியின் நிபந்தனையாகவே எழுதக் கோருங்கள்: ஆண்டுக்கு எவ்வளவு, எந்த இடத்தில், யார் செலவில், செய்யாவிட்டால் என்ன என்று. ‘தேவைப்பட்டால் மணல் ஊட்டப்படும்’ என்ற வாசகத்தை ஏற்காதீர்கள். தேவைப்பட்டதா என்பதை அவர்களே முடிவு செய்வார்கள். கட்டுமானம் தொடங்கும் முன்பே கரையின் குறுக்குவெட்டு அளவுகளை ஊராட்சி முன்னிலையில் எடுத்து, ஒரு பிரதியை ஊராட்சியில் வைக்கச் சொல்லுங்கள். பின்னாளில் கரை முன்பும் இப்படித்தான் இருந்தது என்ற வாதம் வரும்போது கையில் தாள் இருக்கும்.

வரம்பெழுத்து

இதோடு ஒன்று சேர்க்கிறேன். அனுமதி பெற்றவர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை நிபந்தனை நிறைவேற்ற அறிக்கை சமர்ப்பிக்க வேண்டும். அலைமானி ஐயா சொன்ன நிபந்தனை அனுமதிக் கடிதத்தில் ஏறிவிட்டால், தாண்டவைத்த மணலின் கன மீட்டர் அளவு அந்த அறிக்கையிலும் வந்தாக வேண்டும். வரவில்லையென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் அந்த ஒரு பத்தியை மட்டும் கேட்டு விண்ணப்பியுங்கள். பொதுவாக ‘கடலரிப்பு குறித்த விவரங்கள்’ என்று கேட்டால் ஒரு கட்டு வரைபடம்தான் வரும்.